சாப்பிட்டது உடம்பில் சேரவேண்டும்: ஹென்றிக் டாம் வாழ்ந்த கதை

நாம் தஞ்சம் புகுந்த நாடுகளில் எம் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், சில மணி நேரத்துக்குள் தாதி ஒருவர் வந்து அதன் தொடையில் சிறிய ஊசி ஒன்றைப் போடுவார். சில நாடுகளில் ஊசிக்குப் பதிலாக வாயில் சொட்டு விடுவார்கள். அதில் இருப்பது விற்றமின் கே. எம்மவரில் பலர் அதைத் தடுப்பூசி என்றே நினைக்கிறார்கள். பிறந்த அன்றே பச்சைப் பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று அம்மம்மாவும் அப்பப்பாவும் முகம் சுளிப்பதுண்டு. இணையத்தில் எதையோ வாசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் இளம் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்த ஊசிக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த அவரின் பெயர் ஹென்றிக் டாம். 1943ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். போர்க்காலத்தில் தாய்நாட்டைவிட்டு வெளியே இருந்தபோதே அந்தப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அவர் வாழ்க்கையை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சத்து உணவில் இருப்பது ஒன்று, அது எம் குருதிக்குள் போய்ச் சேர்வது வேறொன்று. கணக்கெழுதிப் பிழைக்கும் எம் போன்றவர்களுக்கு இது புதிதல்ல. பற்றுச்சீட்டில் எழுதிய தொகையையும் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகையையும் ஒன்றென்று நம்பினால் கடை மூடவேண்டி வரும். கொழுப்பில் மட்டும் கரையும் சத்துகளுக்கும் மருந்துகளுக்கும் இந்த வேறுபாடு மிகப் பெரியது. சிலவேளை அது உயிரையே தீர்மானிக்கும். டாமின் கண்டுபிடிப்பு மருத்துவத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களில் இதுவும் ஒன்று.

கார்ல் பீற்றர் ஹென்றிக் டாம் 1895ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் திகதி கொப்பன்ஹேகனில் பிறந்தார். தந்தை எமில் டாம் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளர். தாய் எமிலி ஆசிரியை. பிள்ளை இரசாயனம் படித்தது வியப்பல்ல. கொப்பன்ஹேகன் தொழில்நுட்பக் கல்லூரியில் 1920இல் பட்டம் பெற்றார். முதலில் விவசாய, கால்நடை மருத்துவக் கல்லூரியில் உதவி விரிவுரையாளராக இருந்தார். 1923இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியல் ஆய்வுகூடத்துக்கு மாறினார். 1924இல் இங்கர் ஒல்சன் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகருக்குச் சென்று பிறிட்ஸ் பிரேகலிடம் நுண்ணளவு இரசாயனம் பயின்றார். ஒரு சிட்டிகைப் பொருளையும் துல்லியமாக அளந்து பகுக்கும் வித்தை அது. அதற்காகவே பிரேகல் நோபல் பரிசு பெற்றிருந்தார்.

1920களின் கடைசியில் டாமை ஆட்கொண்ட கேள்வி கொலஸ்ரரோல் பற்றியது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே எம் வீடுகளில் முட்டை மஞ்சட்கருவை ஒதுக்கிவைக்கிறார்கள். அன்று கேள்வி வேறு. விலங்குகளின் உடல் கொலஸ்ரரோலைத் தானே ஆக்கிக்கொள்கிறதா, அல்லது உணவிலிருந்துதான் பெறவேண்டுமா? கோழிக்குஞ்சுகளால் அதை ஆக்க முடியாது என்று வேறு சில ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க டாம் நினைத்தார்.

அவர் குஞ்சுகளுக்கென்று ஒரு செயற்கைத் தீனியைத் தயாரித்தார். அதிலிருந்து கொலஸ்ரரோலையும் அதனோடு சேர்ந்த கொழுப்புப் பொருட்களையும் கரைப்பான்களால் கழுவி எடுத்துவிட்டார். அந்நாளில் அறியப்பட்டிருந்த ஏ, டி விற்றமின்களைத் தனியாகச் சேர்த்தார். குஞ்சுகள் வளர்ந்தன. உண்டதைவிட அதிகமான கொலஸ்ரரோல் அவற்றின் உடலில் இருந்தது. ஆக, குஞ்சு அதைத் தானே ஆக்குகிறது. கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வேறொருவர் என்றால் அந்தக் கட்டுரையை எழுதிவிட்டுக் கூட்டைக் கழுவி வைத்திருப்பார்.

ஆனால் இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபோது சில குஞ்சுகளின் தோலுக்கு அடியிலும் தசைகளிலும் குருதி கசிந்து கட்டியிருந்தது. அவற்றிலிருந்து எடுத்த குருதி உறைவதற்கு அதிக நேரம் எடுத்தது. 1929இல் வெளியிட்ட ஆய்வில் டாம் இதையும் பதிந்தார். கேட்காத கேள்விக்கு வந்த விடை அது. அதை அவர் ஒதுக்கிவைக்கவில்லை.

பிறகு பொறுமையான வேலை தொடங்கியது. கொலஸ்ரரோலைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார், கசிவு நிற்கவில்லை. குருதிக் கசிவு என்றால் ஸ்கேர்வி நோய்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனவே விற்றமின் சியைக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் பயன் தரவில்லை. கோதுமை முளை எண்ணெயில் விற்றமின் ஈ இருக்கிறது, அதுவும் உதவவில்லை. கடைசியில் பச்சை இலைகளும் பன்றி ஈரலும் குஞ்சுகளைக் காப்பாற்றின. அவற்றிலிருந்த ஏதோவொன்று கொழுப்பில் கரைவதாகவும் இருந்தது. தீனியிலிருந்து கொழுப்பைக் கழுவியபோது அந்தப் பெயரில்லாத பொருளும் சேர்ந்து போய்விட்டது என்பது அப்போது விளங்கியது.

இடையில் அவர் வேறு ஊர்களுக்கும் படிக்கப் போனார். 1932, 1933ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் ருடொல்வ் ஷேன்ஹைமரின் ஆய்வுகூடத்தில் இருந்தார். ஷேன்ஹைமர் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே அவர் ஜேர்மனியைவிட்டு நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டியதாயிற்று. வேலையும் ஊரும் ஒரே நாளில் இல்லாமற் போவது என்னவென்று டாம் அருகிலிருந்து பார்த்தார். இன்னும் ஏழு ஆண்டுகளில் அந்தப் போர் அவருடைய நாட்டையும் வந்து தொட இருந்தது.

1935இல் டாம் அந்தப் பொருளுக்குப் பெயர் வைத்தார். விற்றமின் வரிசையில் அதுவரை எவரும் எடுக்காத எழுத்து கே. டேனிஷ் மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் குருதி உறைதலைக் குறிக்கும் கோஅகுலேஷன் என்ற சொல்லும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. இரண்டும் பொருந்திவந்ததில் விற்றமின் கே என்ற பெயர் நிலைத்தது. குருதி உறைய உதவும் புரொத்துரொம்பின் என்ற புரதம் நோயுற்ற குஞ்சுகளில் குறைந்திருப்பதை அவரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அடுத்த ஆண்டில் காட்டினார்கள்.

இந்த இடத்தில் இன்னொருவரையும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவில் ஹேர்மன் அல்ம்குவிஸ்ட் என்பவரும் அதே காலத்தில் அதே நோயைக் குஞ்சுகளில் ஆராய்ந்து ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய பல்கலைக்கழக நிர்வாகம் கட்டுரையை அனுப்பத் தாமதித்தது. டாமின் கட்டுரை சில வாரங்கள் முந்தி வெளிவந்தது. பின்னர் நோபல் பரிசில் அல்ம்குவிஸ்டுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அதற்கும் முன்பே, 1931இல், கனடாவின் ஒன்ராறியோவில் சிலர் கொழுப்பெடுத்த மீன்தூள் தின்ற குஞ்சுகளில் குருதிக் கசிவைக் கண்டு எழுதியிருந்தார்கள். ஒரே கதவை எத்தனையோ பேர் தட்டியிருக்கிறார்கள். டாமுக்கு அது முதலில் திறந்தது.

பெயர் வைத்த பொருளைப் பிரித்தெடுக்கவேண்டும் அல்லவா? அதற்கு டாம் சூரிச் நகரத்தின் பவுல் காரருடன் சேர்ந்தார். 1939இல் அல்பால்பா என்ற தீவனப் பயிரின் இலையிலிருந்து அந்த விற்றமின் தூயதாக எடுக்கப்பட்டது. அது மஞ்சள் நிற எண்ணெய். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் எட்வேர்ட் டொய்சி அழுகிய மீன்தூளிலிருந்து அதற்கு நெருங்கிய இன்னொரு வடிவத்தைப் பிரித்தெடுத்தார். அவற்றின் இரசாயன அமைப்பைக் கண்டறிந்தவரும் டொய்சிதான். அதே ஆண்டில் ஆய்வுகூடத்திலேயே அதை ஆக்கவும் முடிந்தது.

இனி, கோழிக்கூட்டிலிருந்து வைத்தியசாலைக்குப் போவோம். அந்நாளில் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் மிகவும் அஞ்சிய நோயாளி, பித்தப்பாதை அடைபட்டுச் செங்கண்மாரி வந்தவர். கல்லோ கட்டியோ பித்தநீரின் வழியை அடைத்துவிடும். அந்த அடைப்பை நீக்கக் கத்தி வைக்கவேண்டும். வைத்தால் குருதி நிற்காது. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தபிறகும் இரண்டு மூன்று நாட்களில் காயத்திலிருந்து கசிந்து கசிந்தே இறந்தவர்கள் உண்டு. அவர்கள் கீரை தின்னாதவர்கள் அல்லர். சாதாரண மனிதருக்குப் போதுமான விற்றமின் கே அவர்களின் சாப்பாட்டிலும் இருந்தது. பிறகு ஏன் குருதி உறையவில்லை?

விடை பித்தநீரில் இருந்தது. எண்ணெயும் தண்ணீரும் சேரா என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். எமது குடலின் உட்புறம் நீர்ப்பாங்கானது. எண்ணெயில் மட்டும் கரையும் ஒன்று அந்த நீரைத் தாண்டிக் குடற்சுவரைத் தொடவேண்டும். அதற்கு மூன்று உதவிகள் தேவை. முதலாவது, சாப்பாட்டில் கொஞ்சமாவது கொழுப்பு இருக்கவேண்டும். அந்தக் கொழுப்பு குடலுக்கு வந்ததும்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே விடும். இரண்டாவது, கணையத்திலிருந்து வரும் நொதியம் கொழுப்பை உடைக்கவேண்டும். மூன்றாவது, பித்தநீரிலுள்ள உப்புகள் உடைந்த கொழுப்பைச் சுற்றி வளைத்து, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பொதிகளாகக் கட்டவேண்டும். சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரம் தூக்கிச் செல்வதும் இதே முறையில்தான். விற்றமின் ஏ, டி, ஈ, கே நான்கும் அந்தப் பொதிக்குள் ஏறிக்கொண்டுதான் குடற்சுவருக்குப் போகின்றன. அங்கிருந்து பெரும்பாலும் நிணநீர் வழியாகக் குருதிக்குள் நுழைகின்றன. பித்தப்பாதை அடைபட்டால் பொதி கட்ட ஆளில்லை. ஒரு கட்டுக் கீரையைத் தின்றாலும் அதிலுள்ள விற்றமின் கேயில் மிகச் சிறிய பங்கே உள்ளே போகும்.

பித்தநீரை வெளியே வடியவிட்ட நாய்களுக்குக் குருதி உறையாமற் போவதை அமெரிக்க ஆய்வாளர்கள் முன்னரே கண்டிருந்தார்கள். 1938இல் அமெரிக்காவின் அயோவாவிலும் மேயோ மருத்துவ நிலையத்திலும் செங்கண்மாரி நோயாளிகளுக்கு விற்றமின் கேயுடன் பித்த உப்பையும் சேர்த்து வாயால் கொடுத்தார்கள். புரொத்துரொம்பின் ஏறியது, குருதி உறைந்தது. அதே ஆண்டில் கொப்பன்ஹேகனில் டாமும் அவருடன் வேலைசெய்த கிளவின்டும் வேறு வழியில் போனார்கள். குடல் என்ற வாசல் பூட்டியிருந்தால் அதைச் சுற்றிப் போகலாம் என்று விற்றமினைத் தசையில் ஊசியாகச் செலுத்தினார்கள். அதுவும் பலித்தது. இன்றுவரை வைத்தியம் இந்த இரண்டு வழிகளிலேயே நடக்கிறது. ஒன்று, காணாமற்போன துணையைக் கூடவே அனுப்புவது. மற்றது, குடலைத் தவிர்த்து நேரே உடலுக்குள் செலுத்துவது.

அடுத்தது பிறந்த குழந்தைகள். விற்றமின் கே தாயின் கருப்பையிலிருந்து குழந்தைக்கு மிகக் குறைவாகவே போகிறது. தாய்ப்பாலிலும் அது குறைவு. தாய்ப்பால் குழந்தைக்கு எவ்வளவோ நன்மை தருகிறது என்றாலும் இந்த ஒன்றில் மட்டும் போதாது. குடலில் அதை ஆக்கும் பக்றீரியாக்களும் பிறந்த குழந்தைக்கு இன்னும் குடியேறவில்லை. எனவே சில குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே தொப்புளிலிருந்தோ குடலிலிருந்தோ குருதி கசியும். வேறு சிலருக்கு இரண்டாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் இடையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூளையில் கசியும். பிறந்த குழந்தைகளின் புரொத்துரொம்பின் குறைவு விற்றமின் கேயால் சரியாகிறது என்பதை 1930களின் முடிவில் டாமும் அவருடைய தோழர்களும் காட்டினார்கள். வேறு நாட்டு வைத்தியர்களும் அதையே கண்டார்கள். இன்று உலகின் பல பாகங்களில் குழந்தை பிறந்தவுடன் கொடுக்கப்படும் ஒரு மில்லிகிராம் அளவான அந்த மருந்து இப்படித்தான் வந்தது.

1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மன் படை டென்மார்க்கினுள் நுழைந்தது. அதே ஆண்டில் அமெரிக்க ஸ்கண்டிநேவிய அமைப்பொன்றின் ஏற்பாட்டில் டாம் அமெரிக்காவிலும் கனடாவிலும் விரிவுரைப் பயணத்தில் இருந்தார். பயணம் 1941இல் முடிந்தது. ஆனால் திரும்பிப்போகும் வழி போரால் மூடப்பட்டிருந்தது. 1941இல் கொப்பன்ஹேகன் தொழில்நுட்பக் கல்லூரி அவரைப் பேராசிரியராக நியமித்தது. நியமனம் ஊரில், மனிதர் கடலுக்கு அப்பால். அந்தக் கதிரை ஐந்து ஆண்டுகள் அவருக்காகக் காத்திருந்தது.

அவருடைய நிலையையும் எமது நிலையையும் ஒன்றென்று சொல்லமாட்டோம். அவருக்குப் பெயர் இருந்தது, அழைப்பு இருந்தது, ஆய்வுகூடங்கள் கதவு திறந்தன. முகாமில் வரிசையில் நின்று கைரேகை கொடுக்கவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. என்றாலும் சொந்த ஊர் அந்நியப் படையின் கையில் இருக்கும்போது வேற்று நாட்டில் விடிந்தெழும் காலை எப்படியிருக்கும் என்பதை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. டாம் அந்தக் காலத்தை வேலையால் நிரப்பினார். 1941இன் கோடையையும் இலையுதிர் காலத்தையும் வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் நிலையத்தில் கழித்தார். 1942 முதல் 1945 வரை ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். பித்தநீர் வடிந்த நாய்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜோர்ஜ் விப்பிள்தான் அங்கே மருத்துவ பீடத்தின் தலைவர். 1945இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு போர் காரணமாக ஓராண்டு பிந்தி, 1944இல் அறிவிக்கப்பட்டது. விற்றமின் கேயைக் கண்டுபிடித்ததற்காக டாமுக்கும், அதன் இரசாயனத் தன்மையைக் கண்டறிந்ததற்காக டொய்சிக்கும் பாதிபாதியாகக் கிடைத்தது. டென்மார்க் இன்னும் ஆக்கிரமிப்பில் இருந்தது. ஸ்டொக்ஹோமில் மன்னர் கையால் வாங்கவேண்டிய பரிசை டாம் நியூயோர்க்கில் நடந்த நிகழ்வில் பெற்றுக்கொண்டார். 1945 மே மாதம் டென்மார்க் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு டாம் ஊர் திரும்பித் தனக்காகக் காத்திருந்த கதிரையில் அமர்ந்தார்.

திரும்பிய பிறகு அவர் பழைய புகழில் உட்கார்ந்திருக்கவில்லை. விற்றமின் ஈ குறைந்தால் கோழிக்குஞ்சுகளுக்கு என்ன ஆகிறது என்பதை ஆராய்ந்தார். அம்ஸ்ரர் எனும் சிறு எலிவகைக்கு உணவை மாற்றிக்கொடுத்துப் பித்தப்பையில் கல் உண்டாவதைக் காட்டினார். பித்தநீரின் சேர்மானம் குலைந்தால் கல் விளைகிறது என்பதை நோக்கி அவருடைய கடைசிக்கால ஆய்வுகள் சென்றன. 1956 முதல் 1962 வரை டேனிஷ் கொழுப்பு ஆய்வு நிறுவனத்தின் உயிர் இரசாயனப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். கொலஸ்ரரோலில் தொடங்கிய வாழ்க்கை கொழுப்பையும் பித்தத்தையும் விட்டு விலகவேயில்லை. 1976 ஏப்ரலில், தன் 81ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற வேலை இன்னும் முடியவில்லை. முதலில் வந்த செயற்கை விற்றமின் கே வகைகளில் சில நீரில் கரைவன. பித்தநீர் இல்லாமலும் உள்ளே போகும் என்பதால் அவை வசதியாகத் தோன்றின. 1950களில் அவற்றை அதிக அளவில் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்குக் குருதிக் கலங்கள் சிதைந்து கடும் செங்கண்மாரி வந்தது. அதனால் குழந்தைகளுக்கு மீண்டும் கொழுப்பில் கரையும் இயற்கை வடிவமே கொடுக்கப்படுகிறது. பின்னாளில் மருந்து நிறுவனமொன்று அந்த விற்றமினைப் பித்த அமிலத்துடனும் லெசித்தினுடனும் சேர்த்து, குடல் கட்டும் அதே நுண்பொதியைக் குப்பியிலேயே கட்டி அனுப்பியது. அருமையான யோசனை. ஆனாலும் பித்தப்பாதை அடைபட்டுப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த மருந்துகூட வாயால் கொடுத்தால் நம்பத்தக்க அளவுக்கு உள்ளே போவதில்லை என்று சோதனையில் தெரிந்தது. பிறந்த அன்று எந்தக் குழந்தைக்கு அந்த அடைப்பு இருக்கிறது என்று எவராலும் சொல்லமுடியாது. வைத்தியர்கள் ஊசியையே விரும்புவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

விற்றமின்களோடு இது நிற்கவில்லை. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் உட்கொள்ளும் சைக்குளோஸ்போரின் எண்ணெய்ப்பாங்கான மருந்து. ஈரல் மாற்றியவர்களின் பித்தநீர் குழாய் வழியே வெளியே வடியும்வரை அது சரியாக உள்ளே போகவில்லை. 1990களில் அதை மிக நுண்ணிய துளிகளாகக் கரையும்படி மாற்றியமைத்த பிறகே பித்தநீரை நம்பியிருக்கும் நிலை குறைந்தது. மலேரியாவுக்கான லூமிபன்றின் மாத்திரையைக் கொழுப்புள்ள உணவுடனோ பாலுடனோ எடுக்கச் சொல்வதும், தோல் பூஞ்சைக்கான கிரிசியோபுல்வின் மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதும் இதனால்தான். மறுபக்கத்தில், வெறும் வயிற்றில் எடுக்கவேண்டிய மருந்துகளும் இருக்கின்றன. கொழுப்புணவோடு எடுத்தால் அவற்றில் சில அளவுக்கு மிஞ்சி உள்ளே போய்விடும். மாத்திரைப் பெட்டியில் சாப்பாட்டுக்கு முன் அல்லது பின் என்று எழுதியிருப்பதைச் சும்மா எழுதியதாக நினைக்கவேண்டாம். மொழி விளங்காவிட்டால் மருந்துக்கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் எம் வீட்டுக்கு எதைச் சொல்கின்றன? எங்களுடைய சமையலில் முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூவும், கீரைக்கடைசலுக்குத் தேங்காய்ப்பாலும் சேர்ப்பது வெறும் ருசிக்காக வந்த பழக்கமாக இருக்கலாம். ஆனால் இலையிலுள்ள விற்றமின் கேயும், கரட்டிலும் பூசணியிலும் உள்ள மஞ்சள் நிறச் சத்தும் கொழுப்போடு சேரும்போதுதான் நன்றாக உடலுக்குள் போகின்றன. கொலஸ்ரரோலுக்கு அஞ்சி எண்ணெயே படாமல் கீரையை அவித்துத் தின்பவர்கள் அந்தச் சத்தில் பெரும் பங்கை இழக்கிறார்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். பொரித்துத் தள்ளுவதற்கு இது அனுமதிச்சீட்டு அல்ல.

விற்றமின் டி பற்றியும் ஒரு வார்த்தை. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, ஒஸ்லோவில் உள்ளவர்களின் உடலில் விற்றமின் டி மிகவும் குறைவு என்று காட்டியது. வெயில் குறைந்த நாடுகளில் எம்மவர் பலருக்கு வைத்தியர் அந்த மாத்திரையை எழுதிக்கொடுக்கிறார். அதைக் காலையில் வெறும் தேநீரோடு விழுங்காமல் நாளின் பெரிய சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. உள்ளே போகும் அளவு அதனால் கூடும்.

வோர்பரின் எடுக்கும் பெரியவர்கள் கவனிக்கவேண்டியது வேறு. அந்த மாத்திரை விற்றமின் கேயின் வேலையைத் தடுத்தே குருதியை இளக்கி வைக்கிறது. கீரையை முற்றாக விடவும் தேவையில்லை, திடீரென்று கட்டுக்கட்டாகத் தின்னவும் கூடாது. வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவாக உண்டுவந்தால் வைத்தியர் மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்வார். புதிய வகைக் குருதி இளக்கிகளில் பலவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. உங்கள் மாத்திரை எந்த வகை என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பிறந்த பிள்ளைக்கு வருவோம். இரண்டு வாரம் கடந்தும் கண் மஞ்சளாக இருந்தால், மலம் வெளிறிச் சாம்பலாகவோ வெள்ளையாகவோ போனால், சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால், வெயிலில் காட்டினால் மாறிவிடும் என்று வீட்டில் வைத்திருக்கவேண்டாம். கீழ்காய்நெல்லி தேடி ஓடவும் வேண்டாம். அது பித்தப்பாதை அடைப்பாக இருக்கலாம். எவ்வளவு முந்திக் காட்டுகிறோமோ அவ்வளவுக்குச் சிகிச்சை பலன் தரும். வைத்தியசாலையில் விற்றமின் கே பற்றிக் கேட்டால், பயமிருந்தால் பயத்தைச் சொல்லுங்கள், கேள்வி இருந்தால் கேளுங்கள், ஆனால் தட்டிக்கழிக்கவேண்டாம்.

டென்மார்க்கில் இன்று எமது மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். 1980களில் அங்கே அகதியாகப் போனவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள். ஒரு காலத்தில் ஊர் திரும்ப வழியின்றி இருந்த ஒரு டேனிஷ்காரரின் உழைப்பு, ஊர் திரும்ப வழியின்றி அவருடைய ஊருக்கு வந்தவர்களின் குழந்தைகளையும் காக்கிறது. அடுத்தமுறை தாதி அந்தச் சிறிய ஊசியோடு வரும்போது, கோழிக்குஞ்சின் தோலுக்கடியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டு அதை விடாமல் பின்தொடர்ந்த மனிதரைப் பற்றி அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் ஒருதரம் எடுத்துச் சொல்லுங்கள்.